திறந்துவிட்டேன் என்று பூட்டுச் சொன்னால்தான் கார் நகரும்

சாய்ந்தமருதிலிருந்து வந்த கடிதம் மூன்றே வரி. "29ஆம் திகதியோட லைசன் முடியுது. புகைச் சோதனைக்குக் கொண்டு போக வேணும். கார் கேற்றுக்குள்ளயே நிக்குது, ஸ்டியரிங் கல்லு மாதிரி." மருதமுனை வாசகர் இதே தொல்லைக்கு இரண்டு கராஜில் கேட்டிருக்கிறார். பூட்டையே மாற்ற வேண்டும் என்கிறது ஒன்று, பியூஸைக் கழற்றினால் போதும் என்கிறது மற்றது. அக்கரைப்பற்றுக்காரரின் கேள்விதான் என்னை உட்கார வைத்தது: "எமுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். போடலாமா?"

லைசன் முடியப் போகிறவருக்கு நேரமில்லை. ஆகவே ஸ்மார்ட் கீ என்றால் என்ன, புஷ் ஸ்டார்ட் என்றால் என்ன என்று தொடங்கப் போவதில்லை. பிரீமியோவும் அக்குவாவும் வெசலும் நிற்காத தெரு நம் ஊரில் ஏது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த வண்டியையே தேய்த்தோம். வண்டிக்கு வயது ஏறினால் அதற்குள் இருக்கும் குட்டி மோட்டார்களுக்கும் ஏறும்.

அந்த மோட்டார்களில் ஒன்றுதான் ஸ்டியரிங் பூட்டு. விற்பனைக் கையேடு இதைத் 'திருட்டுத் தடுப்புப் பாதுகாப்பு அம்சம்' என்று வர்ணிக்கும். என் வரைவிலக்கணம் இது: ஸ்டியரிங் தண்டின் பள்ளத்துக்குள் ஓர் இரும்புத் துண்டைத் தள்ளிவிடும் சிறு மோட்டார். திருடனைத் தடுக்கும் பெரிய வேலையைச் செய்வது இம்மொபிலைசர், அதாவது சாவியின் குறியீடு பொருந்தாவிட்டால் எஞ்சினை எழுப்ப மறுக்கும் கணினி. அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரை வந்த சாவி போடும் ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் அது இருக்கவில்லை. யூஎஸ்பி வயரின் முனையை வைத்தே பொடியன்கள் அவற்றை ஓட்டிக்கொண்டு போனார்கள், 2022இல் அது பெரும் தொல்லையாக வெடித்தது. அந்த நாட்டுச் சட்டம்கூட ஸ்டியரிங்கையோ வண்டி தன் எஞ்சின் பலத்தில் முன்னே நகர்வதையோ, இரண்டில் ஒன்றைத் தடுத்தால் போதும் என்கிறது. அங்கே ஓடும் பல ஸ்மார்ட் கீ கார்களில் ஸ்டியரிங் பூட்டே கிடையாது.

சரி, நம் கார்கள் பலவற்றில் இருக்கிறது. கல்முனையில் ஒரு கராஜில் பழுதான பூட்டொன்றைப் பிரித்து மேசையில் பரப்பிக் காட்டினார்கள். தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு. உள்ளே கறுத்த கிறீஸ், பொம்மைக் காரில் இருப்பது போன்ற மோட்டார், திருகுப் பல் ஒன்று, சுண்டுவிரல் நீளத்தில் இரும்புத் துண்டு. அதன் பக்கத்தில் அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய சுவிட்சுகள். "காக்கா, மோட்டரைப் பாக்காதீங்க, இந்த சுவிச்சைப் பாருங்க. கார் நம்புறது இதைத்தான்" என்றார் கராஜ் பாஸ்.

அவர் சொன்னதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்துகிறீர்கள். சாவி சரிதானா என்று கார் பார்க்கிறது. பிறகு பூட்டின் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, இரும்புத் துண்டு பின்வாங்குகிறது. பின்வாங்கியதை அந்தச் சுவிட்ச் பார்த்து, 'திறந்துவிட்டேன்' என்று வேறொரு கணினிக்குச் சொல்கிறது. அந்தச் சாட்சி கிடைத்த பின்னரே எஞ்சினுக்கு அனுமதி. அனுமதி கிடைத்ததும் பூட்டு மோட்டாருக்கான மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. ஓட்டத்தில் பூட்டின் கணினிக்கே பைத்தியம் பிடித்தாலும் இரும்பைத் தள்ள அதனிடம் கரண்ட் இருக்காது. ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு கணினிகள், அந்த அவநம்பிக்கைதான் நம் உயிருக்குக் காவல். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு. நடுவீதியில் பூட்டிக்கொள்வதை விட வீட்டு வாசலில் அசையாமல் நிற்பது மேல் என்று யாரோ ஒரு பொறியியலாளர் முடிவு செய்திருக்கிறார்.

ஆகவே வாசலில் நின்ற கார் எல்லாம் பூட்டுப் போன கார் அல்ல. டொயோட்டாவில் பொத்தானின் பச்சை விளக்கு மின்னி மின்னி எரிந்தால், இரும்பு பள்ளத்துக்குள் இறுகிவிட்டது என்று அர்த்தம். முன் டயர் கொங்கிரீட் கட்டிலோ மணலிலோ அழுந்தி நின்றால் இப்படி ஆகும். ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். விடாமல் திரும்பத் திரும்ப அழுத்தினால் மோட்டார் சூடாகி வேலைநிறுத்தம் செய்யும், பத்து விநாடி பொறுக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் பெட்டரி. பெற்றோல் காரில் பெட்டரி இறங்கினால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றும், நம் காதுக்குக் கேட்கும். ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பெட்டரி. 12 வோல்ட் சின்னப் பெட்டரி சாகிற சத்தமே வெளியில் வராது, முதலில் காலை வாருவது ஸ்டியரிங் பூட்டு போன்ற மோட்டார்கள்தான். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 இருந்தால் நல்லது. 12க்கு வந்துவிட்டால் பூட்டைத் திட்டுவதில் பயனில்லை. பெட்டரி நல்லதென்றால் எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். கடலோரத்தில் அந்தப் பச்சைப் பூஞ்சணம் நமக்குப் புதிதல்ல.

இதெல்லாம் முடிந்த பிறகு காதைத் தீட்டுங்கள். பொத்தானை அழுத்தும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே 'டக்' என்று கேட்டும் கார் எழும்பாவிட்டால் சுவிட்சின் மேல் சந்தேகம். சத்தமே இல்லையென்றால் மோட்டார், அல்லது அதற்கு வரும் மின்சாரம். ஒருவர் பொத்தானை அழுத்த இன்னொருவர் பூட்டின் மேல் ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்ட, கார் எழும்பினால் மோட்டார் தேய்ந்துவிட்டது. அன்றைக்குத் தப்பினீர்கள், அவ்வளவுதான். டொயோட்டாவில் ஸ்கேனர் B2285 என்று காட்டினால் அது பூட்டின் நிலையைச் சொல்லும் வழியில் வந்த கோளாறு. பூட்டே செத்துவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை, விற்பவர்தான் சொல்கிறார்.

இப்போது அக்கரைப்பற்றுக் கேள்வி. எமுலேட்டர் என்பது பொய்ச் சாட்சி. பூட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, கேட்கும்போதெல்லாம் 'திறந்துவிட்டேன்' என்னும். இரும்புத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்டியைப் போட்டால் அந்தப் பொய்யால் யாருக்கும் தீங்கில்லை. நேரம் மிச்சம் பிடிக்க இரும்பை உள்ளேயே விட்டுவிட்டு வயரில் மட்டும் பெட்டியைச் செருகினால்? இரும்பு பள்ளத்துக்குள் இருக்க, எஞ்சின் எழும்பும், கியர் விழும், வண்டி நகரும், ஸ்டியரிங் மட்டும் திரும்பாது.

கற்பனை இல்லை இது. 1997 முதல் 2004 வரையான கோர்வெட் கார்களை ஜெனரல் மோட்டர்ஸ் 2004இல் திருப்பி அழைத்தது இதற்காகத்தான். ஸ்டியரிங் திறக்காவிட்டால் எரிபொருளை நிறுத்தி வண்டியை நகர விடாமல் செய்வது அதன் ஏற்பாடு. கணினிக்குப் போகும் வோல்ட்டேஜ் குறைந்தால் அந்த நிறுத்தம் நடக்காமல் போகக்கூடும் என்று தெரியவந்தது. தொழிற்சாலை கட்டிய சாட்சி முறையே பலவீனமான மின்சாரத்தில் தடுமாறியிருக்கிறது. நாம் இணையத்தில் வாங்கிய பெட்டியை எதை வைத்து நம்புவது?

ஆகவே போடலாம், ஒரு நிபந்தனையோடு: கழற்றிய இரும்புத் துண்டை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் இறுக்கும்போதே தலை உடைந்துபோகும்படி செய்யப்பட்டவை, ஸ்பானர் பிடிக்க இடம் இருக்காது. துளை போட வேண்டும், அல்லது உளி வைத்துத் தட்டித் திருப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் முடிந்தது என்று யாராவது சொன்னால், இரும்பு எங்கே என்று கேளுங்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பியூஸைக் கழற்றலாமா? நிசான் 370இசட் போன்றவற்றில் பூட்டுத் திறந்திருக்கும்போது கழற்றி அப்படியே ஓட்டுகிறார்கள். வேறு பல கார்களில் பூட்டு மௌனமானால் எஞ்சினும் மௌனம்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் பழைய பூட்டு வாங்கலாமா? கணினியோடு செட்டாக வாங்குங்கள், தனியாக வாங்கினால் உங்கள் காருக்குப் பழக்கும் ஆளையும் தேட வேண்டும்.

பென்ஸ் வைத்திருக்கிறேன்? 204 சி கிளாஸ் என்றால் மோட்டாரை மட்டும் மாற்றிப் பலன் இல்லாமல் போகலாம். சில தடவை தவறிய பூட்டுத் தன் மரணத்தைத் தானே நினைவில் எழுதிவைத்துவிடும்.

இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்ல வேண்டுமா? எமுலேட்டர் போட்டால் சொல்லுங்கள், எழுத்தில்.

புகைச் சோதனைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாமா? ஸ்டியரிங் பூட்டியிருக்கும்வரை கூடாது. காரை முழுதாகத் தூக்கி ஏற்றும் வண்டியைக் கூப்பிடுங்கள்.