எரிமலைச் சாம்பல் பொழியும்போது

"அடுப்புச் சாம்பலை நாம் சுமந்து சென்று வயலுக்கு இடுகிறோம், எரிமலை தானாகவே தூவினால் அது நன்மைதானே?" என்று சங்கக் கூட்டமொன்றில் அங்கத்தினர் ஒருவர் வினவினார். கூட்டம் சிரித்தது. ஆயினும் அவ்வினா விடைக்கு உரியதே.

சாம்பல் என்பது பழக்கத்தால் வந்த பெயர். எரிமலை உமிழ்வது விறகின் நீறன்று. 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த பாறைப் பொடியும் கண்ணாடித் துகளுமாகும். அது நீரிற் கரையாது. கண்ணையும் மூச்சுக் குழலையும் உறுத்தும். ஈரம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூஸான் தீவிலுள்ள பினாட்டுபோ மலை 1991 ஜூன் 15ஆம் நாள் பெருவெடிப்புடன் பொங்கிற்று. விஞ்ஞானிகள் முன்னரே எச்சரித்தமையால் பல்லாயிரவர் வெளியேறி உயிர் தப்பினர். ஆனால் அதே நாளில் யூன்யா என்னும் புயலும் அங்கே வீசியது. கூரைகளிற் படிந்த சாம்பல் மழைநீரை உறிஞ்சிக் கனத்தது. வெடிப்பின்போது மாண்டோரிற் பெரும்பாலோர் தீயினால் அல்ல, பாதுகாப்பென்று நம்பி ஒதுங்கிய கூரை சரிந்தே மாண்டனர்.

கணக்குப் பார்க்கும் தொழிலினனாதலின் இங்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் கூரைமேல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் படியும் உலர்ந்த சாம்பல் 40 முதல் 70 கிலோ நிற்கும். நனைந்தால் 100 முதல் 200 கிலோ வரை ஏறும். 30 சதுர மீட்டர் கூரையாயின் 30 முதல் 60 குவிண்டால்! எந்த ஓட்டுக் கூரை தாங்கும்? ஆகவே சில சென்டிமீட்டர் சேருமுன்னரே சிறிது சிறிதாக வழித்துவிடுதல் வேண்டும். புழுதி பறவாதிருக்க நீரைத் தெளிக்கலாம், கொட்டலாகாது. சாம்பல் படிந்த ஏணியும் கூரையும் வழுக்கும், தனியே ஏறலாகாது. கூரை ஏற்கெனவே வளைந்திருப்பின் மேலே ஏறாமல், உறுதியான வேறு கட்டடத்திற்குச் செல்வதே அறிவு.

பொழியும் வேளையில் வீட்டினுள் தங்கி, கதவிடுக்குகளில் ஈரத்துணி செருகுக. வெளியே செல்ல நேரின் மூக்கையும் வாயையும் நன்கு பொருந்தும் முகக்கவசத்தால் மூடி, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிக. கிணற்றையும் தொட்டியையும் மூடுக. கூரைநீர் தொட்டியில் விழும் குழாயைக் கழற்றிவிடுக. வழித்த சாம்பலைச் சாக்கடையில் தள்ளினால் அது அடைத்துக்கொள்ளும். ஜப்பானில் சகுராஜிமா எரிமலைக்கு எதிரேயுள்ள ககோஷிமா நகரில், சாம்பலை வாரிக் கட்டி வைப்பதற்கென்றே மக்களுக்கு மஞ்சள் நிறப் பைகள் வழங்குகிறார்கள். நம் ஊரில் குப்பைக்கே இவ்வேற்பாடு அரிது!

நெசவாளருக்கு ஒரு சொல்: தறியையும் நூலையும் முன்னதாகவே மூடிக் கட்டுக. படிந்த துகளைத் தேய்த்தால் அது அரமாகி அறுக்கும். உதறி, ஊதி நீக்குவதே முறை.

கால்நடை வைத்திருப்போர் மேய்ச்சலை உடனே நிறுத்தி, மூடிவைத்த தீவனமும் நீருமே தருதல் வேண்டும். சில எரிமலைகளின் சாம்பலில் புளோரின் நஞ்சு ஒட்டியிருக்கும். 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி வெடிப்புக்குப் பின் அந்நாட்டு மாடுகளிற் பாதியளவும், ஆடுகளில் அதனினும் மிகுதியாகவும் மடிந்தன. தொடர்ந்த பஞ்சம் மக்களையும் வாரிக்கொண்டது.

இனி, வினவிய அன்பருக்கு விடை. ஜாவாத் தீவின் வயல்வளத்திற்கு எரிமலை மண் பெருங்காரணம் என்பது மெய்யே. ஆனால் அத்துகள் சிதைந்து மண்ணாவதற்கு நெடுங்காலம் ஆகும். மெல்லிய படிவாயின் உழுது கலந்துவிடலாம். கனத்த படிவாயின், வழித்து அகற்றிய பின்னரே அங்கு ஏர் பூட்ட இயலும்.