நம் உடம்பின் கணக்கு யார் கையில்?



சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு, வட்டிக் கணக்கு என்று எல்லாக் கணக்கையும் எழுத நாம் கற்றுக்கொண்டோம். ஆனால் நம் உடம்பின் கணக்கு எங்கே இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? சேலையூரில் நமது குழு ஒன்றில் நடந்த விஷயம் இந்தக் கேள்வியை நம் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டது.

மூன்று சீட்டு, மூன்று இடம்

நமது சகோதரி ஒருவர். வயது 52. வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். ஆறு வருடமாக சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. ஒரு தடவை அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். அடுத்த வருடம் கேம்ப் ரோடு பக்கம் ஒரு தனியார் லேப். அதற்கடுத்து மகள் வீட்டுக்குப் போனபோது அந்த ஊர் கிளினிக்கில் இன்னொரு டெஸ்ட்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவுக்குப் பெயர் கிரியேட்டினின். அது முதல் சீட்டில் 1.0, இரண்டாவதில் 1.3, மூன்றாவதில் 1.7. ஒவ்வொரு இடத்திலும் "கொஞ்சம் கூடுதல்தான், பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாருமே பார்க்கவில்லை. அவரும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். இதற்கு நடுவில் மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் ஆகாது.

கால் வீங்கிய பிறகுதான் பெரிய டாக்டரிடம் போனோம். "இந்த மூணு சீட்டையும் யாராவது ஒண்ணா பார்த்திருந்தா அந்த மாத்திரையை அப்பவே நிறுத்தியிருப்பாங்கம்மா" என்றார். இப்போது வைத்தியம் நடக்கிறது, ஓரளவு தேறி வருகிறார். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் மனதை விட்டுப் போகவில்லை. ஒரே உடம்பின் கணக்கு மூன்று இடத்தில் மூன்று துண்டாகக் கிடந்தது.

ஏ.பி.ஐ. என்றால் என்ன?

இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பதைச் சேர்த்துப் பார்க்க இன்று கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு வெப் ஏ.பி.ஐ. என்று பெயர். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். நமக்குப் பழக்கமான பேங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பணம் எடுக்க நாம் பேங்கின் பெட்டக அறைக்குள் போவதில்லை. கவுன்டரில் சீட்டு கொடுக்கிறோம். சீட்டு அவர்கள் சொன்ன மாதிரியில் இருக்க வேண்டும். கையெழுத்து சரியாக இருக்க வேண்டும். கேட்ட தொகை மட்டும்தான் வெளியே வரும், அடுத்த குழுவின் பணம் வராது. ஏ.பி.ஐ.யும் ஒரு கவுன்டர்தான். ஆனால் இங்கே கேட்பதும் கம்ப்யூட்டர், கொடுப்பதும் கம்ப்யூட்டர். "இன்னாருடைய பிரஷர் அளவு, ஜனவரி முதல் மார்ச் வரை" என்று ஒரு கம்ப்யூட்டர் கேட்டால், மற்றது தேதி, அளவு, அலகு என்று வரிசையாக அனுப்பும்.

அலகு ஏன் என்று கேட்கலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினரின் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 7 என்று இருக்கும். நம் ஊர் லேபில் அதே சர்க்கரை 126. இரண்டும் ஒன்றுதான், அளக்கும் படிதான் வேறு. எண்ணை மட்டும் அனுப்பினால் குழப்பம்தான். அதனால் எல்லா மருத்துவமனைக் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று எஃப்.எச்.ஐ.ஆர். என்ற பொது முறையை வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் இருக்கும் இந்த முறையைத்தான் இந்தியாவும் எடுத்துக்கொண்டுள்ளது. நாம் கணக்கு நோட்டை எல்லாக் குழுவும் ஒரே மாதிரி கட்டம் போட்டு எழுதுகிறோமே, அதுபோலத்தான்.

ஆபா எண் எப்படி வேலை செய்கிறது?

மத்திய அரசு 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் விரிவாக்கிய திட்டம் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். இதில் ஒருவருக்கு 14 இலக்க எண் கொடுக்கிறார்கள். அதுதான் ஆபா எண். இதற்குக் கட்டணம் கிடையாது. கட்டாயமும் கிடையாது.

பலர் இதைக் காப்பீட்டு அட்டை என்று நினைக்கிறார்கள். அது தவறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆபரேஷன் செலவுக்கு. ஆபா எண் நமது மருத்துவப் பதிவுகளைக் கோத்து வைக்கும் நூல் மட்டுமே. அதில் பணம் வராது.

நமது ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில் ஒரே இடத்தில் குவிந்துவிடுமா என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. அப்படிக் குவிப்பதில்லை. எந்த மருத்துவமனையில் டெஸ்ட் எடுத்தோமோ அங்கேயேதான் பதிவு இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் இப்படி நடக்கும்:

1. டாக்டரின் கம்ப்யூட்டர் நமது ஆபா முகவரிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பும்.
2. அது நமது செல்போனில் உள்ள ஆபா ஆப்பில் வந்து நிற்கும்.
3. நாம் படித்துப் பார்த்து, சம்மதம் என்றால் நமது ரகசிய எண்ணைப் போட வேண்டும். இல்லையென்றால் மறுக்கலாம்.
4. சம்மதம் கொடுத்த பிறகுதான் பதிவு பூட்டிய உறைபோல மறைகுறியாக்கப்பட்டு, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள, நமது ஆபா எண்ணோடு பதிவை இணைத்துள்ள மருத்துவமனை, லேபிலிருந்து மட்டும்தான் ரிப்போர்ட் வரும். பீரோவில் இருக்கும் பழைய சீட்டு தானாகப் பறந்து வராது. அதனால் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சம்மதமும் ஒரு தீர்மானம்தான்

குழுக்கடன் வாங்கும்போது தீர்மான நகல் கொடுக்கிறோம். அதில் என்ன எழுதுகிறோம்? எவ்வளவு தொகை, எதற்காக, எத்தனை மாதம், யார் பொறுப்பு. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவோமா? போட மாட்டோம். ஆபாவில் வரும் சம்மதச் சீட்டும் அதே மாதிரிதான். அதில் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

யார் கேட்கிறார்கள்? நாம் போயிருக்கும் மருத்துவமனையா, அல்லது பெயரே தெரியாத இடமா?

எதற்காக? வைத்தியத்துக்கா, வேறு காரணத்துக்கா?

எந்தப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து? பிரஷருக்குப் போனால் பத்து வருடத்துக்கு முந்தைய பிரசவ ரிப்போர்ட் அவர்களுக்கு எதற்கு? தேதியையும் பதிவு வகையையும் குறைத்துக் கொடுக்க நமக்கு உரிமை உண்டு.

எத்தனை நாளைக்கு? சம்மதத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கும். அதற்கு முன்பே ரத்து செய்யவும் முடியும். ஆனால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த ரிப்போர்ட்டை டாக்டரின் தலையிலிருந்து அழிக்க முடியாது. ஆகவே கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

நடக்கிறதை எண்ணும் ஆப்

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். நமது இளைய உறுப்பினர் ஒருவர் காலையில் நடக்கிறார். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் ஆப் ஒன்றை செல்போனில் போட்டார். பத்தாயிரம் அடிக்குப் பரிசுக் கூப்பன் என்றார்கள். முதலில் வந்த பக்கத்தில் எல்லாவற்றுக்கும் "சம்மதம், சம்மதம்" என்று அழுத்திக்கொண்டே போய்விட்டார். பிறகு பார்த்தால் நடையோடு எடை, இதயத் துடிப்பு, மாதவிலக்குத் தேதி, இருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். இரண்டு மாதத்தில் காப்பீடு எடுக்கச் சொல்லி விடாமல் போன் வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் அடி எண்ணும் ஆப்புக்கு மாதவிலக்குத் தேதி எதற்கு என்ற கேள்வியை யாரும் கேட்கலாம் இல்லையா?

இங்கேயும் அதே கவுன்டர்தான். கைக்கடிகாரம், செல்போன் எடுத்த அளவுகளை வேறு ஆப் கேட்டு வாங்க ஏ.பி.ஐ. இருக்கிறது. கூகுள் ஃபிட் 2014-ல் வந்தது. அதன் ஏ.பி.ஐ. 2024 மே மாதத்திலிருந்து புதிய ஆப்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதன் இடத்துக்கு ஹெல்த் கனெக்ட் என்பது வந்திருக்கிறது. இதில் அளவுகள் செல்போனிலேயே இருக்கும். அடிக்கு ஒரு அனுமதி, எடைக்கு ஒரு அனுமதி, தூக்கத்துக்கு ஒரு அனுமதி என்று தனித்தனியாகக் கேட்கும். தேவையானதை மட்டும் கொடுத்தால் போதும்.

ஆப்பை அழித்தால் போதுமா?

போதாது. இதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் சம்மதம் கொடுத்ததும் நமது பாஸ்வேர்டைக் கொடுக்காமல், அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கு ஒரு டோக்கன் கொடுக்கிறார்கள். வீட்டுச் சாவிக்குப் பதிலாக ஒரு அறைக்கு மட்டும் நுழைவுச் சீட்டு கொடுத்த மாதிரி. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் செல்போனிலிருந்து ஆப்பை அழித்தாலும் அந்தச் சீட்டு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கலாம். அதை வைத்து அவர்கள் தொடர்ந்து கேட்டு வாங்கலாம். ஆகவே முதலில் கணக்கு அமைப்புக்குள் போய் அனுமதியை ரத்து செய்யுங்கள். பிறகு ஆப்பை அழியுங்கள்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது?

இது வீட்டு விஷயம், ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் ஆதாரோடு சேர்ந்த போன் நம்பர் கணவர் பெயரில், அல்லது மகன் கையில். ஆபா எண்ணும் அதே நம்பரில் போட்டால் நமது ரிப்போர்ட்டைத் திறக்கும் ஓ.டி.பி. அவர்களுக்குத்தான் போகும். குடும்பத்தாரிடம் மறைக்கச் சொல்லவில்லை. அவசரத்துக்கு ஒருவருக்குத் தெரிந்திருப்பது நல்லதும்கூட. ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுப்பது நாமாக இருக்க வேண்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

* ஒரு 80 பக்க நோட்டு போடுங்கள். தேதி, இடம், பிரஷர், சர்க்கரை, ஹீமோகுளோபின், கிரியேட்டினின் என்று கட்டம் போட்டு, பழைய சீட்டுகளைப் பார்த்து எழுதுங்கள். அலகையும் சேர்த்து எழுதுங்கள்.
* 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுச் சகோதரிகள்தான். அவர்கள் எடுக்கும் அளவையும் கேட்டு நோட்டில் ஏற்றுங்கள்.
* டெஸ்ட் எடுத்தால் ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். "நார்மல்தான் போங்க" என்றாலும் வாங்குங்கள்.
* ஆபா எண் வேண்டுமென்றால் உங்கள் சொந்த நம்பரில் போடுங்கள். ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.
* செல்போனில் உள்ள ஆப்களுக்கு எதெதற்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு போனைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடக் கற்றதுதான் நமக்கு முதல் பாடம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது இரண்டாவது பாடம். இன்று அந்தக் கையெழுத்து செல்போனில் ஒரு பொத்தானாக மாறியிருக்கிறது. விரலால் அழுத்துவதால் அது மறுபடியும் கைநாட்டாக ஆகிவிடக்கூடாது.

அந்த 52 வயது சகோதரி இப்போது தன் நோட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொண்டுவருகிறார். போன வாரம் எடுத்த கிரியேட்டினின் 1.4. அவரே கட்டத்தில் எழுதி, எல்லோருக்கும் காட்டினார். நாமும் எழுதுவோம், சகோதரிகளே.