குட்டி யானைக்கு எக்ஸ்ட்ரா பட்டையா? முதல்லே பிரேக்கைப் பாருங்க!

புது வண்டிக்குப் போட்ட மாலை வாடி இருக்காது. கண்ணாடியில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருக்காது. அதற்குள் வண்டி ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வந்து நிற்கும்!

அண்ணா சாலையை ஒட்டிய இந்த ரோடு முழுக்க வண்டிச் சாமான் கடைகள்தான். பழைய சாமான் வேண்டுமா? புதுப்பேட்டைக்குப் போகணும்.

மினி லாரி வாங்கியவருக்கு ஒரே கவலைதான். "வண்டி நல்லா இழுக்கணும்ணே! கோயம்பேட்டுலே வெங்காயம் ஏத்தினா பாலத்துலே முக்கக் கூடாது!"

2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு 2 சிலிண்டர், 702 சி.சி. என்ஜின். 16 குதிரைத்திறன். கம்பெனி சொன்ன சுமை முக்கால் டன். ஜனங்கள் அதற்கு "குட்டி யானை" என்று பெயர் வைத்தார்கள். பெயரை நம்பி யானைச் சுமையை ஏற்றுவதில்தான் வினை!

ஏமாறும் வால்வு

பலரும் முதலில் கேட்பது கமான் பட்டை. "ஒரு பட்டை சேர்த்துப் போட்டா பின்பக்கம் உட்காராது" என்பார்கள்.

உண்மைதான், உட்காராது. ஆனால் அச்சும், ரிம்மும், பிரேக் டிரம்மும் அதே பழைய அளவுதானே? அவற்றுக்கு யார் பட்டை சேர்ப்பது?

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல சரக்கு வண்டிகளில் பின் அச்சோடு ஒரு பிரேக் வால்வு இணைந்திருக்கும். லோடு ஏறி பின்பக்கம் தாழ்ந்தால், அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டி நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தத்தைக் குறைக்கும். இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்!

எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டியோ லோடு ஏறினாலும் நிமிர்ந்தே நிற்கிறது. வால்வு ஏமாந்து போகிறது! வண்டி நிறைய மூட்டை. பின்னால் கிடைப்பது காலி வண்டியின் பிரேக்! மழை நாளில், கத்திப்பாரா பாலத்து இறக்கத்தில், முன்னால் போகிற பஸ் திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

பெரிய டயர், கரும்புகை

அடுத்த ஆசை பெரிய டயர். பார்க்க கம்பீரம்தான். ஆனால் சக்கரம் பெரிதானால் இழுவை குறையும். மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டிவரும். மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகவும் ஓடும்.

பழைய வண்டியில் டீசல் பம்பைத் திருகி வைப்பவர்களும் உண்டு. கொஞ்சம் இழுக்கும். கூடவே கரும்புகை வரும். அது சரியாக எரியாத டீசல், அதாவது காசு! சூடு மிஞ்சினால் பிஸ்டனுக்கே ஆபத்து. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இந்தத் திருகாணி வித்தை பலிக்காது. எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம். சட்டப்படி ஓவர் லோடுக்கு ரூ.20 ஆயிரம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2 ஆயிரம். ஒரு வார வாடகை போயே போச்சு!

காசை எதில் போடலாம்?

ஏர் பில்டரில் போடலாம். மார்க்கெட் தூசியில் அது அடைத்துக்கொண்டால் என்ஜினுக்கு மூச்சு முட்டும். இழுவை இல்லை என்று புலம்பும் பல வண்டிகளுக்கு வியாதியே அதுதான்! மாற்றினால் போன பலம் திரும்பும்.

டயர் தேய்ந்தால் அதே அளவில், கம்பெனி சொன்ன பளு தாங்கும் டயராகப் போடணும். காற்றை வண்டி ஓடிச் சூடாகும் முன்பு, காலையிலேயே பார்க்கணும். பிரேக் லைனிங் தேய்மானத்தைப் பார்க்கணும். பிரேக் ஆயில் நாளாக ஆக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகும். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்! கம்பெனி புத்தகத்தில் சொன்ன கெடுவில் அதை மாற்றிவிடணும்.

சரக்கு முக்கால் டன்னுக்கு மேலே போனால்? இரண்டு நடையாக அடிக்கலாம். இல்லாவிட்டால் 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி ஒன்றேகால் டன் வண்டியைப் பிடிக்கலாம். வாடகை பேசும்போதே மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேலே ஏத்த மாட்டேன் அண்ணாச்சி" என்று கறாராகச் சொல்லும் டிரைவர்களும் கோயம்பேட்டில் இல்லாமல் இல்லை.