சனியின் உச்சந்தலையில் ஓர் அறுகோணம்

1980, 81இல் இரண்டு வாயேஜர் விண்கலங்கள் சனியைக் கடந்து போயின. அவை சாய்வாக எடுத்த படங்களை, வட துருவத்துக்கு நேர்மேலிருந்து பார்ப்பதுபோல் மாற்றி ஒட்டினார் வானியலாளர் டேவிட் காட்ஃப்ரி. வட்டமாக வந்திருக்க வேண்டிய மேகப்பட்டைக்கு ஆறு பக்கங்கள் இருந்தன! 1988இல் அதை வெளியிட்டார். ஒரு பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். நம் பூமியை உள்ளே வைத்தால் இடம் மிஞ்சும்.

2004இல் காசினி விண்கலம் சனியிடம் போய்ச் சேர்ந்தபோது அங்கே இருட்டு. சனிக்கு ஓர் ஆண்டு என்பது நமக்கு இருபத்தொன்பதரை ஆண்டு. அதில் பாதி, துருவத்துக்கு இரவு. ஏழரைச் சனிக்கு அஞ்சுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: சனியிலேயே ஓர் இரவு இரண்டு ஏழரை! ஆனால் கோளின் உள்வெப்பம் மேகங்களுக்கிடையே கசிகிறது. அதை அகச்சிவப்புக் கருவி பார்த்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அறுகோணம் கலையவில்லை.

அது சுவரல்ல, காற்று. மணிக்குச் சுமார் 320 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே பாயும் ஜெட் காற்றோட்டம். அந்த வேகத்தில் ஆறு பக்கங்களையும் சுற்றிவரப் பதினொரு நாள் பிடிக்கும். காற்று ஓடுகிறது, மூலைகள் மட்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆற்றில் மூழ்கிய பாறையை அடுத்து நீர் மேடுகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், மேடு போகாது. அலை எதிர்த்திசையில் ஏற முயல்கிறது, ஓட்டம் அதே வேகத்தில் அதைத் தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரி. சனியில் அந்த அலைக்கு ராஸ்பி அலை என்று பெயர். வழிவிலகி வடக்கே போகும் காற்றைக் கோளின் சுழற்சி தெற்கே திருப்புகிறது. அது அளவு மீறித் தெற்கே போனால் மறுபடி வடக்கே. நம் தலைக்கு மேலும் இதே அலைகள் உண்டு. ஆனால் இங்கே மலைகளும் கண்டங்களும் குறுக்கிட்டு அவற்றைக் குலைத்துவிடுகின்றன.

ஏன் ஆறு? வட்டத்தில் ஓடும் அலை தன் வாலைத் தானே பிடித்தாக வேண்டும். ஐந்தரை வளைவு நிற்காது. ஆக்ஸ்ஃபோர்டில் சுழலும் மேசைமீது நீர் நிரம்பிய உருளையை வைத்து, நடுவில் ஒரு வளையத்தை இன்னும் வேகமாகச் சுற்றவிட்டார்கள். சாயம் கலந்த நீரில் முக்கோணம், சதுரம், அறுகோணம் என வேகத்துக்கு ஏற்ற வடிவம் விழுந்தது. 2010இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. தென் துருவத்தில் மட்டும் இப்படி எதுவும் இல்லாதது ஏன் என்பது இன்னும் அவிழாத முடிச்சு.

2025 மே மாதம் சூரியன் சனியின் நடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போனது. அறுகோணம் மறுபடி அந்த நீண்ட இரவுக்குள் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது.