பரிணாமம் இல்லாத பாடநூல்

கரோனா காலப் பாடச்சுமையைக் குறைப்பதாகக் கூறி, 10ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை என்சிஇஆர்டி நீக்கியது. ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்ற அத்தியாயம் ‘மரபுவழி’ எனச் சுருங்கியது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துக் கையெழுத்திட்டனர்.

12ஆம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்பது அரசுத் தரப்பின் பதில். ஆனால், அனைவரும் பொதுவாக அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு பத்தாம் வகுப்புதான். அதன் பின் உயிரியலைத் தேர்ந்தெடுக்காதவர்களுக்கு அந்தப் பாடம் கிடைக்கப்போவதில்லை.

கிருமிகள் மருந்துக்கு ஏன் கட்டுப்பட மறுக்கின்றன, கரோனா தீநுண்மி ஏன் புதுப்புது உருவெடுத்தது என்பவற்றுக்கு விடை பரிணாமத்தில்தான் இருக்கிறது. பெருந்தொற்றைக் காரணம் காட்டி, அதைப் புரிந்துகொள்ள உதவும் அறிவையே நீக்கியது முரண். நாளைய பொறியாளருக்கும் வணிகருக்கும் அந்த அறிவு உரியது. அதைப் பொதுப் பாடத்திலேயே கற்பிக்க வேண்டும்.