ஹைட்ரசீனுக்கு மாற்று

விண்வெளியில் திசை திரும்பவும் சுற்றுப்பாதையைச் சரிசெய்துகொள்ளவும் செயற்கைக்கோள்களில் சிறு உந்துபொறிகள் உண்டு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இவற்றில் பலவும் ஹைட்ரசீனால் இயங்கிவருகின்றன. வினையூக்கியான, இரிடியம் பூசிய அலுமினா மணிகள்மீது பட்டதும் இத்திரவம் தானே சிதைந்து சூடான வாயுக்களாகப் பீறிடும். தனி ஆக்சிஜன் வேண்டாம், தீப்பொறி வேண்டாம். வால்வைத் திறந்தால் போதும்.

ஆனால் ஹைட்ரசீன் கடும் நஞ்சு. அதன் ஆவியும் ஆபத்தானது என்பதால், கலத்தில் நிரப்புவோர் காற்றுக்குழாய் பொருத்திய முழுக் கவச உடை அணிந்தாக வேண்டும். செயலிழந்த உளவுச் செயற்கைக்கோள் ஒன்றை 2008-இல் அமெரிக்கா ஏவுகணையால் தகர்த்தது. அதிலிருந்த ஏறக்குறைய 450 கிலோ ஹைட்ரசீன் தரைக்கு வந்துவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மாற்றாக வந்தவை, ஆக்சிஜன் செறிந்த உப்புகளின் கரைசல்கள். உப்பு ஆவியாவதில்லை, கையாள்வது எளிதானதற்கு இதுவே முதற்காரணம். ஸ்வீடனில் உருவான எல்எம்பி-103எஸ் கலவையில் அம்மோனியம் டைநைட்ரமைடு என்ற உப்பு, மெத்தனால், அம்மோனியா, நீர் ஆகியவை சேர்ந்துள்ளன. 2010 ஜூனில் ஏவப்பட்ட பிரிஸ்மா திட்டத்தின் ஒரு செயற்கைக்கோளிலேயே இக்கலவைக்கும் ஹைட்ரசீனுக்கும் தனித்தனி உந்துபொறிகள் வைத்து ஒப்பிட்டார்கள். கிலோவுக்குக் கிடைத்த உந்துதல் 6 சதவீதமே கூடுதல். ஆனால் கலவை அடர்த்தி மிக்கது. அதனால் அதே அளவு தொட்டியிலிருந்து ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகப் பெற முடிந்தது. சிறிய செயற்கைக்கோள்களில் இடம்தான் அருமை என்பதால் இந்த எண்ணுக்கே மதிப்பு அதிகம். ஹைட்ராக்சில் அம்மோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்ட அமெரிக்க 'அசென்ட்' கலவையை நாசா 2019-இல் விண்ணில் சோதித்தது.

தரையில் கிடைத்த பாதுகாப்புக்கு விலை பொறிக்குள் கொடுக்கப்படுகிறது. ஹைட்ரசீன் சிதையும்போது வெப்பம் 1,000 டிகிரி செல்சியசை ஒட்டி நின்றுவிடும். இக்கலவைகளோ 1,600 டிகிரியையும் எட்டும். வழக்கமான உலோகக் கலவைகள் அதைத் தாங்காததால் எரியறைக்கு இரிடியம், ரீனியம் போன்ற அரிய உலோகங்கள் தேவைப்படுகின்றன. வினையூக்கியும் விரைவில் தேய்கிறது. அதோடு, பொறியை இயக்குமுன் வினையூக்கியை முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றியாக வேண்டும். அவசரத்தில் குளிர்ந்த நிலையிலும் இயங்கக்கூடிய ஹைட்ரசீனுக்கு எதிரே இது உண்மையான குறை.

அசென்ட்டைச் சுமந்து 2022 டிசம்பரில் சந்திரனுக்குப் புறப்பட்ட லூனார் ஃபிளாஷ்லைட் என்ற சிறு கலம் உரிய பாதையை அடையவில்லை. முப்பரிமாண அச்சில் உருவான எரிபொருள் குழாய்களில் துகள் அடைத்திருக்கலாம் என்பதே பொறியாளர்களின் கணிப்பு; குற்றம் கலவையுடையது அல்ல.

பூமியைப் படமெடுக்கும் ஸ்கைசாட் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை ஸ்வீடன் கலவையில்தான் ஓடுகின்றன. 2021-இல் பெர்செவரன்ஸ் ஊர்தியைச் செவ்வாயில் இறக்கிய பொறிகளை இயக்கியதோ பழைய ஹைட்ரசீன்தான்.