வழக்கம் ஒரு காரணமாகாது



நான் வன்னியில் பிறந்தவள். தாதியாக எனக்கு நியமனம் கிடைத்ததோ ஹற்றன் பக்கத்திலுள்ள ஒரு வைத்தியசாலையில். கொழுந்து பறிக்கும் தாய்மார் பிரசவத்துக்கு வரும் இடம் அது. மலைக் குளிரில் எடை குறைந்த குழந்தை பிறந்துவிட்டால், அதன் உடம்பு குளிர்ந்துவிடுமோ என்பதே எங்கள் முதல் பயம்.

சிறிய குழந்தையைத் துணியில் சுற்றி, தாயிடமிருந்து கொண்டுபோய் வெப்ப விளக்கின் கீழ் வைப்பதே எங்கள் விடுதியின் வழக்கம். 2023 தை மாதத்தில் ஒரு தாய், "மிஸி, புள்ளைய எங்கிட்டயே குடுங்க. நெஞ்சோட வச்சிக்கிறேன்" என்று கெஞ்சினாள். "இங்கே அப்படி வழக்கமில்லை" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. 2009இல் முகாமில் அக்காவின் பிஞ்சுக் குழந்தையை அம்மா தன் மார்போடு கட்டி வைத்திருந்தது நினைவில் வந்தது.

அதன் பிறகே தேடி வாசித்தேன். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில், கருவிகள் போதாத நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படும்படி வைத்துப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 2021இல் இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். நிலைமை சீரான பின் மட்டும் அணைக்கப்பட்ட பிரிவில், 28 நாட்களுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தன. பிறந்தவுடனேயே அணைக்கத் தொடங்கிய பிரிவில் அது 12. இதைக் கொண்டே 2022இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது.

இதை எங்கள் தலைமைத் தாதியிடம் காட்டினேன். "சரி மகள், செய்து பார்ப்போம். ஆனால் அளந்து எழுதி வையுங்கள்" என்றார். வைத்தியரும் சம்மதித்தார். ஒவ்வொரு குழந்தையின் உடல் வெப்பத்தையும் கொப்பியில் குறித்தோம். மாத முடிவில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். முதலில் முணுமுணுத்த மூத்த தாதியரே பிறகு தாய்மாருக்குச் சேலையால் கட்டக் கற்றுக் கொடுத்தார்கள்.

எண்ணி எழுதுவது எங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. 1854இல் கிரிமியப் போருக்குச் சென்ற புளோரன்ஸ் நைற்றிங்கேல், காயத்தைவிட நோயாலேயே அதிக வீரர்கள் இறந்தார்கள் என்பதைக் கணக்கால் காட்டினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அம்மா அந்தக் குழந்தையின் தொப்புளில் சாம்பலும் பூசினார். அது தவறு, தொப்புள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தாலே போதும். பழையது என்பதால் எதுவும் சரியாகிவிடாது, பிழையாகிவிடவும் மாட்டாது. பார்த்து, அளந்து, பிறகே முடிவு செய்ய வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் எடை குறைந்த குழந்தை பிறந்தால், "மார்போடு அணைக்கலாமா?" என்று தாதியிடம் கேளுங்கள். "ஏன்?" என்றும் தயங்காமல் கேளுங்கள். அன்று அந்தத் தாய் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.